மூட்டு வலியோடு குதிரை ஏறுகிறவர்களுக்கு: அங்கவடி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

(நம் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், கிளப் ஹவுஸ் அரங்கில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இறுதியில் நடந்த கேள்வி பதிலையும் சேர்த்திருக்கிறோம். – ஆசிரியர் குழு)

தண்ணீர் மீட்டரையும் பார்க்கிங்கையும் பற்றிப் பேசுகிற மேடையில் இன்று குதிரையைப் பற்றிப் பேசச் செயலாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். அவருக்கு முதலில் நன்றி.

நம் குடியிருப்பிலிருந்து சனி, ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உள்ள குதிரையேற்றப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா அம்மாக்களில் இரண்டு மூன்று பேர், 'நாமும் ஏறிப் பார்த்தால் என்ன' என்று ஆரம்பித்து, இப்போது பிள்ளைகளைவிட ஆர்வமாகப் போகிறார்கள். சந்தோஷம். ஆனால் வயது நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து என்று இருக்கும்போது முழங்காலும் கூடவே வந்து தன் கருத்தைச் சொல்கிறது. வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே கேள்வி: "முழங்கால் வலிக்கு நல்ல ஸ்டிரப் எது? லிங்க் அனுப்புங்கள்."

லிங்க் அனுப்புவது எளிது. ஆனால் ஒருவர் காலுக்குப் பொருந்தியது இன்னொருவர் காலுக்கு ஆபத்தாகிவிடலாம். அதனால்தான் நேரில் பேசலாம் என்று நினைத்தேன். எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம் உண்டு. அதோடுதான் வாரம் இரண்டு நாள் சவாரி செய்கிறேன். நான் டாக்டர் இல்லை. சேணத்தைப் பற்றியும் அங்கவடியைப் பற்றியும் மட்டும் பேசுகிறேன். மூட்டைப் பற்றிய முடிவை உங்கள் ஆர்த்தோ டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சொல்ல வேண்டும்.

ஸ்டிரப் என்பதற்குத் தமிழில் அங்கவடி என்று நல்ல சொல் இருக்கிறது. பள்ளியில் ஸ்டிரப் என்று சொன்னால்தான் புரியும். இங்கே நாம் அங்கவடி என்றே வைத்துக்கொள்வோம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அங்கவடி வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், விழும்போது கால் வெளியே வருமா? இரண்டாவது, நீளம் சரியா? மூன்றாவது, முழங்கால் முறுக்கப்படுகிறதா? நான்காவது, பாதம் படிகிற தளம் எப்படி? மெத்தை, நிறம், விலை எல்லாம் கடைசி. விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி மெத்தையில் ஆரம்பிக்கின்றன. நாமும் அங்கேயே ஆரம்பித்தால் பணமும் போகும், வலியும் போகாது.

அங்கவடி எதற்கு?

மனிதன் குதிரை ஏறத் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் அங்கவடி இல்லாமலேதான் ஏறினான். கிரேக்கத்தில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஜெனபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்தக் காலத்தில் அங்கவடி கிடையாது. இந்தியாவில் பழைய காலத்தில் கால் பெருவிரலை மட்டும் நுழைத்துக்கொள்ளும் சிறு வளையம் இருந்தது. சாஞ்சிச் சிற்பங்களை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். சீனாவில் சாங்ஷா நகரத்தில் கி.பி. 302ஆம் ஆண்டுக் கல்லறை ஒன்றில் கிடைத்த குதிரைவீரன் பொம்மையில் இடது பக்கம் மட்டும் ஒரு சிறிய அங்கவடி தொங்குகிறது. அது ஏறுவதற்கான படி. இரண்டு பக்கமும் அங்கவடி வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்தச் சரித்திரத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கவடி என்பது நாற்காலியும் இல்லை, கால் மணையும் இல்லை. உடல் எடையைத் தாங்குவது நம் இருப்பும் தொடையும்தான். அங்கவடி சமநிலைக்குத் துணை. சவாரி முழுக்க அங்கவடியின் மேல் நின்றுகொண்டே இருப்பவருக்கு உலகத்தின் விலை உயர்ந்த அங்கவடியை மாட்டினாலும் முழங்கால் வலிக்கத்தான் செய்யும்.

முழங்காலுக்கு என்ன நடக்கிறது?

குதிரை மேல் முழங்காலுக்கு மூன்று விதமாகச் சுமை வருகிறது.

ஒன்று, மடக்கம். கால் எவ்வளவு மடங்கியிருக்கிறதோ, மடங்கிய நிலையில் எவ்வளவு எடை ஏறுகிறதோ, அவ்வளவுக்கு முழங்கால் சில்லின் பின்புறம் அழுத்தம் கூடும். மாடிப்படி இறங்கும்போது வலிக்கிறதே, அதே இடம்.

இரண்டு, முறுக்கு. இதைப் பலர் கவனிப்பதில்லை. முழங்கால் கதவுக் கீல் மாதிரி. முன்னும் பின்னும் மடங்கும். பக்கவாட்டில் திருகினால் அதற்குப் பிடிக்காது.

மூன்று, அதிர்ச்சி. டிராட் என்று பள்ளியில் சொல்லும் துள்ளுநடையில் ஒவ்வொரு அடிக்கும் ஓர் உலுக்கல். அதற்கேற்ப எழுந்து உட்கார்ந்து போகும்போது நூற்றுக்கணக்கான முறை பாதி உட்கார்ந்து எழுவது போல ஆகிறது.

உங்கள் வலி இந்த மூன்றில் எதிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்த முறை போகும்போது கவனியுங்கள். நின்ற குதிரை மேல் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாலே வலிக்கிறதா? மடக்கமோ முறுக்கோ காரணமாக இருக்கலாம். நடையில் வலியில்லை, டிராட்டில் மட்டும் வலிக்கிறதா? அதிர்ச்சி. முழங்காலின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ மட்டும் வலிக்கிறதா? முறுக்கைச் சந்தேகப்படுங்கள்.

முதல் கேள்வி: கால் வெளியே வருமா?

வலியைப் பற்றிப் பேச வந்துவிட்டு ஏன் விழுவதைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்கலாம். குதிரையிலிருந்து விழுவதைவிட ஆபத்தானது, விழுந்த பிறகும் கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டு இழுபடுவது. மூட்டு வலி உள்ளவருக்கு இந்த ஆபத்து அதிகம். கணுக்காலை அவரால் சட்டென்று திருப்ப முடியாது. காலை வேகமாக உருவவும் முடியாது. வசதிக்காக வாங்குகிற அகன்ற, மெத்தை வைத்த, நன்றாகப் பிடித்துக்கொள்கிற அங்கவடிதான் காலை விடாமலும் பிடித்துக்கொள்ளும்.

அகலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சவாரிக்குப் போடும் பூட்ஸின் அடிப்பாகத்தில் அதிக அகலமான இடத்தை அளந்துகொள்ளுங்கள். அதோடு ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் கூட்டுங்கள். அதுதான் அங்கவடியின் உள் அகலம். பூட்ஸ் 9.5 சென்டிமீட்டர் என்றால் அங்கவடி 12 சென்டிமீட்டர். பக்கத்துக்கு அரை அங்குலம் இடைவெளி இருக்கும். இதைவிடக் குறுகினால் கால் சிக்கிக்கொள்ளும். இதைவிட மிகவும் அகன்றால் பாதம் முழுவதும் உள்ளே புகுந்து கணுக்காலில் மாட்டிக்கொள்ளும். பெற்றோர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: பெரியவர்களின் அங்கவடியில் சிறுவர்களை ஏற்றக் கூடாது. 'ஒரு ரவுண்டுதானே' என்று விடாதீர்கள்.

பாதுகாப்பு அங்கவடிகள் பல வகை. வெளிப்பக்கக் கம்பிக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வளையம் மாட்டியது ஒன்று. விழும்போது வளையம் கழன்று கால் வெளியே வந்துவிடும். இது சிறுவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் ஏற்றது. ஒரு பக்கம் கம்பி இல்லாததால் கனமான பெரியவர் மிதித்து ஏறினால் வளையக்கூடும். நம் ஊர் வெயிலுக்கு அந்த ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும், அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். வளையம் எப்போதும் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றில் வெளிப்பக்கக் கம்பி முன்னோக்கி வளைந்திருக்கும். கால் எளிதாக நழுவி வரும். உடைவதற்கோ கழல்வதற்கோ எதுவும் இல்லை. பெரியவர்களுக்கு நல்ல தேர்வு. ஸ்பிரிங்கோ காந்தமோ வைத்து, அழுத்தம் வந்தால் பக்கக் கம்பி திறந்துகொள்கிற புதிய வகைகளும் உண்டு. கடற்கரை மணலில் சவாரி செய்கிறவர்கள் இவற்றை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். உப்பும் மணலும் கீலில் இறுகிவிட்டால் தேவையான நேரத்தில் திறக்காது.

அங்கவடி வார், சேணத்தில் ஓர் இரும்புக் கொக்கியில் தொங்குகிறது. அந்தக் கொக்கியின் முனையில் மடக்கிவிடக்கூடிய ஒரு சிறு நாக்கு பல சேணங்களில் இருக்கும். சவாரியின்போது அதைத் திறந்தே வையுங்கள். கால் மாட்டிக்கொண்டால் வாரோடு சேர்ந்து கழன்று வர அதுதான் கடைசி வழி.

இரண்டாவது: நீளம். இதற்குக் காசே வேண்டாம்

வலி என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வார் எத்தனையாவது துளையில் இருக்கிறது?" என்றுதான். பள்ளியில் ஒரே சேணத்தில் காலையிலிருந்து பலர் ஏறியிருப்பார்கள். முன்னால் ஏறியவர் குட்டை, நீங்கள் உயரம் என்றால், அவர் நீளத்திலேயே நீங்கள் ஒரு மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பீர்கள்.

ஏறுவதற்கு முன் சேணத்தின் பக்கம் பார்த்து நில்லுங்கள். வார் தொங்குகிற கொக்கியில் விரல் நுனிகளை வையுங்கள். இன்னொரு கையால் அங்கவடியை உங்கள் கையின் அடிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். அதன் தளம் அக்குள் வரை வந்தால் ஏறக்குறைய சரி. ஏறிய பின் இரண்டு காலையும் வெளியே எடுத்துத் தொங்கவிடுங்கள். தளம் கணுக்கால் எலும்பு உயரத்தில் இருக்க வேண்டும். சாதாரணச் சவாரிக்கு இதுவே அளவு. தடை தாண்டுகிறவர்கள் இதைவிடக் குறைப்பார்கள். பந்தயக் குதிரை ஜாக்கிகள் முழங்கால் மடங்கிக் குந்தியிருப்பதைக் கிண்டியில் பார்த்திருப்பீர்கள். அது அவர்கள் தொழில், நமக்கு வேண்டாம்.

முழங்காலில் தேய்மானம் உள்ளவர் இந்த அளவிலிருந்து ஒரு துளை இறக்கிப் பார்க்கலாம். துளைகளுக்கு இடையே பொதுவாக ஓர் அங்குலம் இருக்கும். அந்த ஓர் அங்குலம் முழங்காலுக்குப் பெரிய வித்தியாசம். ஆனால் இறக்கிக்கொண்டே போகக் கூடாது. பாதத்தால் தளத்தைத் தேட வேண்டியிருந்தால், நுனிக்காலில் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது அதிக நீளம். முழங்கால் வலி கெண்டைக்காலுக்கும் இடுப்புக்கும் மாறிவிடும், சமநிலையும் போய்விடும். குதிரை நிற்கும்போது அங்கவடியில் எழுந்து நின்று பாருங்கள். சேணத்துக்கும் உங்களுக்கும் நடுவே நான்கு விரல் அகலம் இடைவெளி வந்தால் போதும்.

இரண்டு வாரும் ஒரே நீளமா என்றும் பாருங்கள். துளை எண்ணைப் பார்த்தால் போதாது. எல்லோரும் இடது பக்கமே மிதித்து ஏறுவதால் இடது வார் நாளடைவில் நீண்டுவிடும். இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். அவ்வப்போது இடம் வலம் மாற்றி மாட்டுவது நல்லது. ஒரு முழங்கால் மட்டும் வலிக்கிறது என்பவர்கள் இதை முதலில் பாருங்கள்.

மூன்றாவது: முறுக்கு

சேணத்தில் தொங்கும் அங்கவடியைப் பாருங்கள். அது குதிரையின் விலாவோடு ஒட்டித் தட்டையாகத் தொங்கும். நாம் காலை நுழைக்க அதைக் கால் வட்டம் திருப்ப வேண்டும். திருப்பிய வார் தோலால் ஆனது. மறுபடி பழைய நிலைக்குப் போகவே அது முயன்றுகொண்டிருக்கும். அந்தச் சின்ன இழுப்பு பாதத்தில் ஆரம்பித்து, ஒரு மணி நேரம் முழங்காலில் வந்து சேர்கிறது. புது வார் என்றால் விறைப்பாக இருக்கும், இழுப்பும் அதிகம்.

காசு செலவில்லாத வழி: கால் நுழைத்த பிறகு வார் உங்கள் காலோடு தட்டையாகப் படிந்திருக்கிறதா, விளிம்பு குத்துகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். குத்தினால் தவறான பக்கம் திருப்பியிருக்கிறீர்கள். காலை எடுத்து மறுபக்கம் திருப்பி நுழையுங்கள்.

காசு செலவழிக்கும் வழி: வார் நுழைகிற கண்ணே தொண்ணூறு பாகை திரும்பியிருக்கும் அங்கவடிகள் கிடைக்கின்றன. அவை தொங்கும்போதே முன்பக்கம் பார்த்து நிற்கும். முறுக்கு பெரிதும் குறையும். கால் நழுவினாலும் குனியாமல் மறுபடி நுழைத்துக்கொள்ளலாம். இடுப்பு மூட்டு வலி உள்ளவர்களுக்கு அதுவே பெரிய உதவி. பழைய அங்கவடியையே வைத்துக்கொண்டு, நடுவில் மாட்டுகிற திருப்பு இணைப்பு மட்டும் வாங்கவும் முடியும். அதை மாட்டினால் நீளம் கூடிவிடும், வாரை அதற்கேற்ப ஏற்றிக் கட்ட வேண்டும். என்னைக் கேட்டால், முழங்கால் வலிக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம் என்றால் மெத்தைக்கு முன் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அமெரிக்க மேற்கத்திய பாணிச் சேணம் வைத்திருப்பவர்கள் அங்கவடியைத் திருப்பி, நடுவே ஒரு துடைப்பக் கட்டையை நுழைத்து இரவு முழுக்க அப்படியே விட்டுத் தோலைப் பழக்குவார்கள். பிரச்சினையும் அதுதான், தீர்வும் அதுதான்.

நான்காவது: தளம்

பாதத்தின் முன்பகுதி, விரல்களுக்குக் கீழே இருக்கும் அகன்ற மேடு, தளத்தில் படிய வேண்டும். வழக்கமான இரும்பு அங்கவடியின் தளம் குறுகலானது. எடை ஒரு கோட்டில் விழுவதால் பாதம் மரத்துப்போகும். தளம் முன்பின்னாக அகன்றிருந்தால் அழுத்தம் பரவும். நீண்ட தூரச் சவாரிப் போட்டிக்காரர்கள் அகன்ற தளத்தைத்தான் விரும்புகிறார்கள். பெருவிரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்கும் முடக்கு வாதம் உள்ளவர்களுக்கும் இது நல்லது. அகன்ற தளத்தில் பாதம் முழுக்க உள்ளே போகாமல் இருக்க, முன்னால் கூண்டு வைத்த வகையும் உண்டு.

மெத்தை ரப்பர் அதிர்ச்சியைக் கொஞ்சம் குறைக்கும். அதிகமாகத் தடித்த மெத்தையில் பாதம் ஆடும். அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தக் கணுக்கால் இறுகும், வலி இடம் மாறும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்கி உடனே திரும்ப வேண்டும்.

சொரசொரப்பும் அப்படித்தான். வழுக்காமல் இருக்கத் தேங்காய்த் துருவி போல முள் முள்ளாக இருக்கும் தளங்கள் உண்டு. போட்டிக்காரர்களுக்குச் சரி. நமக்கு அது பாதத்தை ஒரே கோணத்தில் ஆணி அடித்தது போல் பிடித்துக்கொள்ளும். பாதம் நகர முடியாவிட்டால் அந்தத் திருகல் முழங்காலுக்குப் போகும். மிதமான ரப்பர் பிடி போதும். உங்கள் கால்விரல் இயல்பாகக் கொஞ்சம் வெளியே பார்த்தால் பார்க்கட்டும். கட்டாயமாக நேராக்க வேண்டாம்.

பக்கக் கம்பிகளில் ரப்பர் மூடிய மூட்டு வைத்து, தளம் மேலும் கீழும் அசையும்படி செய்த அங்கவடிகளை மூட்டு வலிக்காரர்களுக்கென்றே விற்கிறார்கள். கணுக்கால் விறைத்தவர்களுக்கு இவை உதவும். குதிகாலைக் கீழே இறக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் கணுக்கால் தளர்ந்தவர்களுக்கு, பல முறை சுளுக்கியவர்களுக்கு, அசையும் தளம் நிலைகொள்ளாமல் போகும். அவர்களுக்கு அசையாத அகன்ற தளமே நல்லது. சரிந்த தளம் வைத்தவையும் உண்டு. அவற்றில் இடது வலது குறியிட்டிருப்பார்கள், மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

எடையைப் பற்றி ஒரு சொல். பிளாஸ்டிக் கலவை, அலுமினியம் இவையெல்லாம் லேசு. தூக்கி மாட்ட வசதி. துருப்பிடிக்காத எஃகு கனம். ஆனால் கனமான அங்கவடி கால் விலகியதும் நேராகக் கீழே தொங்கும், காலைவிட்டு எளிதாக விலகும். லேசானது ஆடிக்கொண்டே இருக்கும். கனம் குறை இல்லை.

அங்கவடியால் தீராதவை

இடுப்பு மூட்டு வலிக்கு அங்கவடியைவிடச் சேணமும் குதிரையும் முக்கியம். அகன்ற முதுகுள்ள குதிரையில் கால்கள் அதிகம் விரியும். பள்ளியில் சொல்லி, உடல் ஒடுங்கிய, நடை மென்மையான குதிரையைக் கேட்டு வாங்குங்கள். நம் நாட்டு மார்வாரிக் குதிரைகளில் சிலவற்றுக்கு ரேவால் என்று ஓர் இயல்பான மென்னடை உண்டு. டிராட்டின் உலுக்கல் அதில் இல்லை. அப்படிப்பட்ட குதிரை உங்கள் பள்ளியில் இருந்தால் அதிர்ஷ்டம்.

தரையிலிருந்து மிதித்து ஏறாதீர்கள். அப்போது மொத்த எடையும் மடங்கிய இடது முழங்காலில் விழுந்து, அதே நேரத்தில் உடலும் திரும்புகிறது. குதிரையின் முதுகுக்கும் அது நல்லதில்லை. ஏறுவதற்கென்று படிக்கட்டு போன்ற ஒரு மேடை பள்ளிகளில் இருக்கும். அதைப் பயன்படுத்த வெட்கப்பட வேண்டாம். இறங்கும்போது இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு, மெதுவாகச் சறுக்கி, முழங்காலை லேசாக மடக்கி இறங்குங்கள். தொப்பென்று குதிக்க வேண்டாம்.

ஜாகிங் ஷூ போட்டு ஏறாதீர்கள். ஓர் அங்குலக் குதி உள்ள, அடிப்பாகம் வழவழப்பான பூட்ஸ் வேண்டும். குதிதான் பாதம் உள்ளே முழுக்கப் புகாமல் தடுக்கிறது. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை, பயிற்சியாளர் குதிரையைப் பிடித்திருக்க, கால்களை வெளியே தொங்கவிட்டு ஓய்வு கொடுங்கள்.

பயப்படுத்துவதற்காக இவ்வளவும் சொல்லவில்லை. டென்மார்க்கின் லிஸ் ஹார்டல் போலியோவால் பாதிக்கப்பட்டு முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஒருவர் உதவ வேண்டும். அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார், 1956இல் மறுபடியும் வென்றார். இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் ராணி 2020இல், தம் 94ஆம் வயதில், வின்ட்சர் பூங்காவில் மட்டக்குதிரையில் சவாரி செய்யும் படங்கள் வெளிவந்தன. தலையில் ஹெல்மெட் இல்லாமல் ஸ்கார்ஃப்தான் கட்டியிருந்தார். அந்த ஒன்றை மட்டும் ராணியிடமிருந்து கற்றுக்கொள்ளாதீர்கள்.

வாங்கும் முன்

பள்ளியில் உள்ள சேணத்தில் உங்கள் சொந்த அங்கவடியை மாட்டிக்கொள்ளலாமா என்று முதலில் கேளுங்கள். வாரோடு சேர்த்து மாட்டிக் கழற்ற இரண்டு நிமிடம்தான் ஆகும். நம் நாட்டில் சேணப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற ஊர் கான்பூர். அங்கே தயாராவது வெளிநாடுகளுக்கும் போகிறது. ஆகவே இறக்குமதிப் பொருள்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். மடக்கு, வெல்டிங், விளிம்பு இவற்றைக் கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் உள் அகலம் சென்டிமீட்டரில் போட்டிருக்கிறதா, திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பாருங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். இந்த வாரம் நீளம், இரண்டு வாரம் கழித்து அங்கவடி என்று வையுங்கள். அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். சவாரி முடிந்த அன்று இரவும் மறுநாள் காலையும் மூட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் காட்டவும் உதவும்.

மூட்டு வீங்கினால், சூடாக இருந்தால், நடுவில் பூட்டிக்கொண்டது போல் நின்றுவிட்டால், எடை வைக்கும்போது மடங்கிவிட்டால், அங்கவடி தேடும் நேரம் அது இல்லை. சவாரியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி பதில்

கேள்வி: எனக்கு ஒரு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. நான் ஏறலாமா?

பதில்: அதை உங்கள் அறுவை சிகிச்சை நிபுணர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வது தப்பு. அவரிடம் 'குதிரை ஏறலாமா' என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை நிமிடம், என்ன நடை, எப்படி ஏறி இறங்குவீர்கள் என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கேள்வி: நீ கேப் போட்டுக்கொண்டு ஏறலாமா?

பதில்: மெல்லிய துணி வகை என்றால், முழங்காலின் பின்பக்கம் சுருண்டு அழுத்தாமல் இருந்தால் பலருக்குச் சரியாக இருக்கிறது. பக்கத்தில் கம்பி வைத்தது சேணத்தில் உராயும். பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் பையனுக்குப் பதினொரு வயது. அவனும் முழங்கால் வலி என்கிறான்.

பதில்: முதலில் வாரின் நீளத்தைப் பாருங்கள். வேகமாக வளருகிற வயது, மூன்று மாதத்துக்கு முன் சரியாக இருந்த துளை இன்று குட்டையாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஏறும் முன் அவனே அளந்துகொள்ளப் பழக்குங்கள். சரிசெய்த பிறகும் வலி தொடர்ந்தால் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். 'பழகினால் சரியாகிவிடும்' என்று விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: மொத்தத்தில் எவ்வளவு செலவு ஆகும்?

பதில்: நீளம் சரிசெய்யச் செலவில்லை. வாரை ஒழுங்காகத் திருப்பச் செலவில்லை. ஏறுமேடைக்குச் செலவில்லை. இந்த மூன்றையும் ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு, மீதம் இருக்கிற வலிக்குத்தான் கடைக்குப் போக வேண்டும்.

என்னிடம் நான்கு ஜோடி அங்கவடிகள் இருக்கின்றன: சாதாரண எஃகு, திரும்பிய கண் உள்ளது, அசையும் மூட்டு உள்ளது, கூண்டோடு கூடிய அகன்ற தளம். அகலம் எல்லாவற்றிலும் 12 சென்டிமீட்டர். உங்கள் பூட்ஸுக்கு அது பொருந்தினால், பெரியவர்கள் யார் வேண்டுமானாலும் ஒரு வாரம் எடுத்துப் போய்ப் பயிற்சியாளர் முன்னிலையில் பயன்படுத்திப் பார்க்கலாம். நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள். உங்கள் வீட்டிலும் பயன்படாமல் வேறு அளவு இருந்தால் சொல்லுங்கள், சேர்த்து வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒன்று வாங்கிப் பரணில் போடுவதைவிட அது மேல்.

வெளியே டீயும் சுண்டலும் இருக்கின்றன.